தக்கவாறு

உலகில் இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட மருந்துகளிலேயே மிகவும் பாதுகாப்பானது எது என்று கேட்டால், மருத்துவர்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லுவார்கள். மருந்துப் பாதுகாப்பு இயக்ககம் ஒரே பதில்தான் சொல்லும்: கோப்புக்குள் இருக்கும் மருந்து. அது யார் வயிற்றுக்குள்ளும் போவதில்லை. யாருக்கும் தலை சுற்றுவதில்லை. மனித குலத்தின் மீது இத்தனை பரிவு கொண்ட அந்த அலுவலகத்தில், வாசகப் பிரிவின் துணை இயக்குநராக விளங்கியவருக்கு நேர்ந்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

வாசகப் பிரிவு என்றால் ஏதோ நூலகம் என்று நினைத்துவிட வேண்டாம். மருந்து அட்டைப்பெட்டிக்குள் பதினாறு மடிப்பாக ஒரு தாள் இருக்கும். பிரித்தவர் யாரும் திரும்ப மடித்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தத் தாளில் என்ன அச்சாக வேண்டும் என்று தீர்மானிப்பது வாசகப் பிரிவு. துணை இயக்குநர் ஒப்பமிடாமல் அதில் ஒரு காற்புள்ளிகூட ஏற முடியாது. எழுத்துகளை எறும்பின் கால் அளவுக்குச் சுருக்கியதும் அவருடைய சீர்திருத்தமே. பெரிய எழுத்தில் போட்டால் ஜனங்கள் படித்துவிடுவார்கள். படித்தால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் கடிதம் வரும்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. அவர் எண்களை எழுத மாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து மேசைக்காரர் ஒரு கோப்பில் புள்ளி ஐந்து என்று எழுத வேண்டிய இடத்தில் புள்ளியை விட்டுவிட்டு ஐந்து என்று எழுதினார். அந்த ஒரு புள்ளிக்காக அவரைப் பதினோரு மாதம் வீட்டில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கே நம்மவருக்கு ஞானம் பிறந்தது. எண் காட்டிக் கொடுத்துவிடும். சொல் காட்டிக் கொடுக்காது. அதன் பிறகு அவர் எழுதியதெல்லாம் "உரிய", "போதிய", "இயன்ற அளவு" போன்ற, பிடி கொடுக்காத சொற்கள்தான். அலுவலகத்தில் அவரை "எண்ணாதவர்" என்று அன்போடு அழைத்தார்கள். எண்களைத் தொடாதவர் என்பதே அதன் பொருள். வேறு பொருள் சொன்னவர்கள் பதவி உயர்வு கிடைக்காதவர்கள்.

அவருடைய வாழ்நாள் சாதனையாகிய அந்த ஒற்றைச் சொல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிறந்தது. அவர் மனைவி பத்திரிகையில் வந்த சமையல் குறிப்பைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"உப்பு, தேவையான அளவு. இது எனக்குத் தெரியாதா? எவ்வளவுன்னு சொல்லத் துப்பில்லன்னா எதுக்குக் குறிப்பு எழுதறாங்க?"

துணை இயக்குநர் பல் துலக்குவதை நிறுத்தினார். அவருக்கு அந்தக் குறிப்பை எழுதியவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. மறுநாள், ஒரு சளி மருந்தின் தாளில் பின்வரும் வாசகம் ஏறியது:

பெரியவர்கள்: இரண்டு மூடி.
குழந்தைகள்: தக்கவாறு.
முதியவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்: மேற்படி.

"இரண்டு" என்பது கம்பெனி எழுதிக் கொடுத்தது. அதில் அவருக்குப் பொறுப்பில்லை.

இந்த வாசகத்தின் அருமையை உணராதவர் ஒருவர் இருந்தார். அலுவலகத்துக்கு மூன்று தெரு தள்ளிச் சின்னதாக ஒரு மருந்துக்கடை வைத்திருந்த அம்மா அவர். "தக்கவாறு என்றால் எத்தனை மில்லி?" என்று கேட்டு ஏழு கடிதம் எழுதினார். ஏழுக்கும் பதில் போனது: "தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தக்கவாறு பரிசீலிக்கப்படும்." எட்டாவது கடிதத்துக்குப் பதிலாக அவரே நேரில் வந்து நின்றார்.

"சார், எனக்கு ஒரே ஒரு சந்தேகம். குழந்தைக்கு எவ்வளவு குடுக்கறது?"

"அது குழந்தையைப் பொறுத்ததும்மா."

"அதான் சார் கேக்கறேன். என் கடைக்குப் பத்து கிலோ குழந்தையும் வருது, இருபது கிலோ குழந்தையும் வருது."

"பாத்தீங்களா! ரெண்டுக்கும் பொருந்தற மாதிரி ஒரே சொல்லா போட்டிருக்கோம். வேற எந்த நாட்டுலயும் இந்த வசதி கிடையாது."

"சரி, வயசானவங்களுக்கு மேற்படின்னு போட்டிருக்கீங்களே. மேல இருக்கற குழந்தை மாதிரியா, அதுக்கும் மேல இருக்கற பெரியவங்க மாதிரியா?"

துணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் கோணத்தில் அவர் யோசித்ததில்லை. கேள்வி நன்றாக இருந்தது. அதனால்தான் அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தார்.

"எழுத்து மூலமா குடுத்துட்டுப் போங்கம்மா," என்றார்.

பத்து நாள் கழித்து அதே அம்மா மறுபடி வந்தார். இந்த முறை கையில் கடிதம் இல்லை. காலியான சளி மருந்துப் புட்டி இருந்தது. தலை கலைந்திருந்தது.

அவர் சொன்னது இதுதான். அவருடைய தெருவில் ஒரு தையல்காரர் குடும்பம். நான்கு வயதில் ஒரு பெண். அதற்கு மூக்கு ஒழுகியிருக்கிறது. தையல்காரர் வேலை முடிந்து வரும் வழியில், பெரிய சாலையில் உள்ள கடையில் மருந்து வாங்கி வந்தார். விளக்குக்கு அடியில் தாளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். மனைவி உள்ளே மூடியும் புட்டியுமாக நின்றார்.

"குழந்தைக்கு எவ்வளவுங்க?"

"தக்கவாறு."

"ஆறா?"

"ஆமா, தக்கவாறு."

"பெரியவங்களுக்கு?"

"ரெண்டு."

மனைவிக்கு ஒரு கணம் கை நின்றிருக்கிறது. ஆனால் அரசாங்க முத்திரை போட்ட தாள். 'தக்க ஆறு' என்று போட்டிருக்கிறார்கள் என்றால் தக்க காரணம் இல்லாமலா போட்டிருப்பார்கள்? ஆறு மூடி ஊற்றினார். படித்தவர் சரியாகப் படித்தார். கேட்டவர் சரியாகக் கேட்டார். அரை மணி நேரத்தில் குழந்தை பொம்மையைப் போலத் துவண்டு சாய்ந்தது. தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடி வந்தார்கள். கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு அந்த அம்மாதான் வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

"இன்னும் கண்ணு திறக்கல சார்," என்றார் அந்த அம்மா.

இயக்ககம் இப்படிப்பட்ட நேரத்தில் உணர்ச்சிவசப்படுவதில்லை. கூட்டம் போடும். அன்று மதியமே "அவசர உயர்நிலைக் கூட்டம்" கூடியது. இயக்குநர் தலைமை. மருந்துக் கம்பெனியின் பிரதிநிதி. மொழி ஆலோசகராக ஒரு தமிழ்ப் புலவர். துணை இயக்குநர். கதவோரம், உறுப்பினரல்லாத மருந்துக்கடை அம்மா.

கம்பெனிக்காரர் எழுந்து முதலில் ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்கலாமா என்று கேட்டார்.

"குழந்தை உயிரோட இருக்கு," என்றார் கடைக்கார அம்மா.

"சந்தோஷம். அப்ப நேரா விஷயத்துக்கு வர்றேன். எங்களுது மனசாட்சியுள்ள கம்பெனி சார். குழந்தைங்க மேல இந்த மருந்தைச் சோதனை பண்ணவே இல்ல. பச்சப் புள்ளைங்க மேல சோதனை பண்றது பாவம்."

"யார் மேலதான் பண்ணீங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஒரு விளையாட்டு விடுதியில நாப்பது இளைஞர்கள். எல்லாம் இருபதுலேருந்து இருபத்தஞ்சு வயசு. அறிக்கையைப் படிக்கறேன்: 'சோதனைக்கு உட்பட்ட நாற்பது இளைஞர்களில் ஒருவருக்கும் முதுமைத் தளர்ச்சி காணப்படவில்லை. ஒருவருக்கும் கருச்சிதைவு ஏற்படவில்லை. தாய்ப்பால் சுரப்பிலும் எவ்வித மாற்றமும் தென்படவில்லை.'"

இயக்குநர் மேசையைத் தட்டிப் பாராட்டினார்.

"அந்த நாப்பது பேருக்கும் சளி இருந்துச்சா?" என்று கேட்டார் கடைக்கார அம்மா.

"என்னம்மா நீங்க! எல்லாம் நல்ல ஆரோக்கியமானவங்க. நோயாளிங்களுக்குக் குடுத்தா முடிவு குழம்பிப் போயிடாதா?"

"நீங்க சோதனை பண்ணலன்னா சோதனை நடக்கலன்னு நினைச்சுக்காதீங்க. எங்க தெருவுல வீட்டுக்கு வீடு நடக்குது. என்ன, முடிவைத்தான் யாரும் எழுதி வைக்கறதில்ல."

இது கூட்டக் குறிப்பில் "உறுப்பினரல்லாத ஒருவர் தமது தெருவைப் பற்றிப் பேசினார்" என்று பதிவாயிற்று.

அடுத்து, மொழி ஆலோசகர் கரும்பலகைக்குச் சென்றார். சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதினார்: தக்க + ஆறு.

"நிலைமொழி ஈற்றில் அகரம். வருமொழி முதலில் ஆகாரம். இரண்டு உயிர்கள் முட்டிக்கொள்ளாமலிருக்க, நடுவிலே வகரம் உடம்படுமெய்யாகத் தோன்றும். ஆகத் தக்கவாறு. ஆறு என்றால் வழி, தன்மை. ஆறு என்றால் நதி. ஆறு என்றால் ஐந்துக்கு அடுத்த எண். மூன்றையும் இலக்கணம் ஒப்புக்கொள்ளும்."

"அப்ப அந்தம்மா ஆறு மூடி ஊத்துனது?" என்றார் இயக்குநர்.

"இலக்கணப் பிழை ஏதுமில்லை. நதியை ஊற்றியிருந்தாலும் பிழையில்லை."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "பெத்தவங்க மேல தப்பில்ல. கம்பெனி மேல தப்பில்ல. நம்ம மேல தப்பு இருக்க வாய்ப்பே இல்ல. அப்ப தப்பு யார் மேல?"

புலவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உயிர்களைச் சேர்த்து வைத்தது உடம்படுமெய்தான்."

"பதிவு பண்ணுங்க!" என்றார் இயக்குநர். குற்றவாளி கிடைத்துவிட்டது. ஓர் எழுத்து, தொழிற்சங்கத்தில் இல்லாத எழுத்து.

"உடம்படுமெய்யோ என்னவோ சார்," என்றார் கடைக்கார அம்மா. அவர் குரல் உடைந்தது. "அங்க ஒரு சின்ன உடம்பு மெய்யாவே படாத பாடு படுது. அதைப் போய்ப் பாத்தீங்களா?"

அது நியாயம் என்று கூட்டத்துக்கே பட்டது. பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம் இல்லாமல் கோப்பு முடியாது. இளஞ்சிவப்புப் படிவத்தோடு துணை இயக்குநரை மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தீர்மானமாயிற்று. படிவத்துக்கு எண் கிடையாது. அவர் ஏற்பாட்டின்படி நிறம் மட்டுமே உண்டு.

அவர் போனபோது குழந்தை கண் விழித்திருந்தது. ஜன்னலோரக் கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. தாய் பக்கத்தில் குறுகி உட்கார்ந்திருந்தார். அதிகாரியைப் பார்த்ததும் எழுந்து, "நான் வேணும்னே செய்யலீங்க," என்றார். தையல்காரர் அந்தத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். நான்காக மட்டும் மடித்திருந்தார்.

துணை இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு படிவத்தைத் தொடங்கினார்.

"பாதிக்கப்பட்டவர் தொழில்?"

தாய் விழித்தார். "நான் படம் வரைவேன்," என்றது குழந்தை. அவர் "ஓவியர்" என்று எழுதினார்.

"திருமணமானவரா?"

"இல்லீங்க."

"மது, புகைப் பழக்கம்?"

"பால் குடிப்பா," என்றார் தாய். அவர் அதையும் எழுதினார்.

குழந்தை அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"தாத்தா, நீங்க டாக்டரா?"

"இல்லம்மா. நான் எழுதறவன்."

"என்ன எழுதுவீங்க?"

"மருந்து எவ்வளவு குடிக்கணும்னு எழுதுவேன்."

"நான் எவ்வளவு குடிக்கணும்?"

சாதாரணமாகத்தான் கேட்டது. மணி என்ன என்று கேட்பது போல. துணை இயக்குநர் வாயைத் திறந்தார். முப்பத்தோர் ஆண்டு சர்வீஸில் சேர்த்து வைத்த உரிய, போதிய, இயன்ற, ஏற்ற எல்லாம் நாக்கின் நுனி வரை வந்து நின்றன. ஒன்றையும் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. குழந்தை சிறிது நேரம் காத்திருந்தது. பிறகு, "தெரியலயா? பரவால்ல," என்று அவர் கையைத் தட்டிக் கொடுத்தது.

வெளியே வந்து, நேராகக் குழந்தை மருத்துவரின் அறைக்குள் போனார்.

"டாக்டர், இந்தக் குழந்தைக்கு எவ்வளவு குடுத்திருக்கணும்?"

"இவ பதினஞ்சு கிலோ. கால் மூடி போதும். ரெண்டு வயசுக்குக் கீழன்னா குடுக்கவே கூடாது. இது எங்களுக்கெல்லாம் தெரியுமே."

"எங்க எழுதியிருக்கு?"

"எங்கயும் எழுதல. அது உங்க வேலைன்னு நினைச்சோம்."

அடுத்த நான்கு நாள், எண்ணாதவர் எண்ணினார். மருத்துவரிடமிருந்து அவர் பார்த்த நோயாளிகளின் குறிப்புகள் வந்தன. கடைக்கார அம்மா தன் தெருவில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்து என்ன ஆயிற்று என்று ஒரு நோட்டு வைத்திருந்தார், அதுவும் வந்தது. எடை வாரியாக ஓர் அட்டவணை தயாரானது. முதியவர்களுக்குத் தனி வரி. கர்ப்பிணிகளுக்குத் தனி வரி. சிறுநீரகக்காரர்களுக்குத் தனி வரி. மூடிக்குப் பதில் கோடு போட்ட அளவுக் குழல். எழுத்து, கண்ணாடி இல்லாமல் படிக்கும் அளவு. மூன்று என்ற எண்ணுக்கு எத்தனை வளைவு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கோப்பை முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக அலுவலக நேரத்தில் மனைவிக்குப் போன் செய்தார்.

"உப்பு எவ்வளவுன்னு நான் சொல்றேன்," என்றார்.

"உடம்பு கிடம்பு சரியில்லயா?" என்றார் மனைவி.

இயக்குநர் அட்டவணையை மேலிருந்து கீழாகவும், கீழிருந்து மேலாகவும் பார்த்தார்.

"என்னய்யா இது? எண்ணாதவரே எண்ணிட்டீங்களே!"

"எல்லாம் சரிபார்த்தது சார்."

"சரியா இருக்கும். அதான் பயமா இருக்கு. கால் மூடின்னு போடறோம். நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சு. கால் மூடி சொன்னது யாருன்னு கேப்பாங்களா இல்லையா?"

"ஒண்ணும் சொல்லாம இருந்தே ஆச்சே சார்."

"ஆச்சு. யார் இல்லன்னா? ஆனா நாம சொல்லி ஆகலையே!"

இந்த நுட்பமான வேறுபாட்டின் மேல்தான் இயக்ககமே நின்றுகொண்டிருந்தது. அன்று மாலையே புதிய ஆணை பிறந்தது: "இம்மருந்து குழந்தைகளுக்கு உகந்ததல்ல. முதியவர்களுக்கு உகந்ததல்ல. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மற்றும் நாட்பட்ட நோயாளிகளுக்கு உகந்ததல்ல. மீறிக் கொடுப்போரே முழுப் பொறுப்பு." இதில் எண் இல்லை, உடம்படுமெய் இல்லை. இதை மட்டும் புட்டியின் மேலேயே பெரிய எழுத்தில் போடச் சொன்னார்கள். வாசகம் மிகவும் பிடித்துப்போய், அதையே ரப்பர் முத்திரையாகச் செய்து, ஒரே வாரத்தில் முந்நூறு மருந்துகளின் கோப்பில் குத்தினார்கள். இனி அந்த முந்நூறு மருந்துகளையும் அச்சமின்றிச் சாப்பிடத் தக்கவர்கள், விளையாட்டு விடுதியைச் சேர்ந்த, சளி பிடிக்காத அந்த நாற்பது இளைஞர்கள் மட்டுமே.

துணை இயக்குநருக்கு, "அனுமதியின்றி எண்கள் எழுதியது ஏன்?" என்று குறிப்பாணை வந்தது. "குழந்தை கேட்டது. எனக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது," என்று விளக்கம் எழுதினார். "தோன்றியது" என்ற சொல்லுக்கு அடியில் சிவப்பு மையில் கோடு போட்டு, அவரைப் பழைய கோப்புகள் அறைக்கு மாற்றினார்கள். போகும்போது அட்டவணையின் நகல் ஒன்றைக் கடைக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த அம்மா அதைக் கடைச் சுவரில் ஒட்டினார். ஒன்பதாம் நாள் ஆய்வாளர் வந்து கிழித்தார். "அங்கீகரிக்கப்படாத எண்கள்" என்று ரசீதும் கொடுத்தார்.

ஒரு சாயங்காலம், மனைவிக்கு மூட்டுவலித் தைலம் வாங்க அவர் அந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் அரக்கப் பரக்க வந்தாள். சளி மருந்து கொடுத்தாளாம். குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்ததாம். கடைக்கார அம்மா குழந்தையைப் பார்த்து, பயமில்லை என்று சொல்லி, எதற்கும் டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டு, இயக்ககத்திலிருந்து வாங்கி வைத்திருந்த இளஞ்சிவப்புப் புகார்ப் படிவம் ஒன்றை எடுத்தார்.

"இதுல என்ன நடந்ததுன்னு எழுதிக் குடும்மா. நாலு பேர் எழுதினாத்தான் மேல இருக்கறவங்களுக்கு உறைக்கும்."

அந்தப் பெண் படிவத்தைத் தொடவில்லை. "ஐயோ, வேணாங்க்கா. குழந்தைக்குக் குடுக்காதன்னுதான் பாட்டில்ல பெரிசா போட்டிருக்கே. மூச்சு விட முடியாம திணறுச்சு, வேற வழி தெரியல, குடுத்துட்டேன். இப்ப நான்தான் குடுத்தேன்னு நானே கையெழுத்துப் போட்டா, என்னைப் பிடிச்சு உள்ள வெக்க மாட்டாங்களா?"

அவள் விறுவிறுவென்று போய்விட்டாள். கடைக்கார அம்மா படிவத்தைத் திரும்ப அடுக்கில் வைத்தார்.

ஆண்டு முடிவில், மருந்துகளால் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்ந்ததாக ஒரே ஒரு புகார்கூட வராத அலுவலகம் என்று, இயக்ககத்துக்கு வெள்ளிக் கேடயம் கொடுத்தார்கள். இயக்குநர் மேடையில் கண் கலங்கினார். கம்பெனிக்காரர் பொன்னாடை போர்த்தினார். புலவர் வாழ்த்துப்பா படித்தார். உண்மையிலேயே இப்படியொரு பாதுகாப்பை உலகம் கண்டதில்லை. எந்தக் குழந்தையாலும் இனி அந்த இயக்ககத்துக்கு ஓர் ஆபத்தும் வராது.